ஒரே தலைக்கு இரண்டு மொட்டை

அமாவாசை அன்று காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் கேட்காது. நெசவாளிக்கு அன்று விடுமுறை; மற்றவர்கள் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்ளும் நாள். மாணிக்கவாசகம் மட்டும் விடிவதற்குள் எழுந்து குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, தூங்கிக்கொண்டிருந்த பேரனைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கையில் ஒரு பையோடு பூனைபோல வாசலுக்கு வந்தார்.

கேட் ஏற்கெனவே திறந்திருந்தது. வெளியே சம்பந்தி டேனியல் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னால் ஒரு பையை மாட்டிக்கொண்டிருந்தார். பேரனைத் தூக்கிவரத் திரும்பியவர், பேரன் ஏற்கெனவே இன்னொரு தோளில் இருப்பதைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"எங்க சம்பந்தி, புள்ளையத் தூக்கிக்கினு?"

"சும்மா, காத்தாட."

"இந்த இருட்டுலயா?"

"இருட்டுலதான காத்து நல்லாயிருக்குது. நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"பாலு வாங்க."

"பாலுக்கு எதுக்குப்பா அவ்ளோ பெரிய பையி?"

டேனியல் ஸ்கூட்டர் சீட்டைத் துடைக்க ஆரம்பித்தார். 'காத்தாடப் போறவருக்கு எதுக்குப் பை' என்று அவரும் திருப்பிக் கேட்டிருக்கலாம். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

இவர்களை வாராவாரம் பார்ப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. இன்றுதான் முதல்முறையாக இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவர்கள் இரண்டே இரண்டு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். மாணிக்கவாசகம் பெரிய காஞ்சிபுரம் பகுதிப் பட்டு நெசவாளி, கதிர்வேலின் அப்பா. டேனியல் தென்னேரிக்காரர், அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், சுகாசினியின் அப்பா. கதிர்வேலும் சுகாசினியும் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டபோது இரண்டு அப்பாக்களுமே கல்யாணத்துக்குப் போகவில்லை. டேனியல் வீட்டுத் தண்ணீர்கூடத் தன் தொண்டையில் இறங்காது என்று ஊரறியச் சொன்னவர் மாணிக்கவாசகம். என் மகளுக்குத் தண்ணீர் தராத வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்று பதிலுக்குச் சொன்னவர் டேனியல்.

அப்புறம் மகனும் மருமகளும் பிழைப்புக்காக மஸ்கட் போனார்கள். இரண்டு குழந்தைகளை இங்கே விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டு தாத்தாக்களும் மனைவியை இழந்தவர்கள். யார் வீட்டில் வளர்ப்பது என்று ஊர்ப் பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசி ஓய்ந்து, கடைசியில் இருவரும் செவிலிமேட்டில் ஒரே வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். வீராப்பெல்லாம் பேரனின் ஜட்டியைத் துவைத்துக் காயப்போடும் வரைக்கும்தான். இப்போது டேனியல் வைக்கும் ரசத்துக்கு மாணிக்கவாசகம் இரண்டாவது முறை கிண்ணத்தை நீட்டுகிறார். குழந்தைகளுக்கு ஒருவர் தறி தாத்தா, இன்னொருவர் பஸ் தாத்தா.

போன வாரம்தான் மஸ்கட்டிலிருந்து சேதி வந்தது. அடுத்த வாரம் வருகிறார்கள். வந்து, பிள்ளைகள் இரண்டு பேரையும் தங்களோடு கூட்டிப்போகப் போகிறார்கள். அன்றிலிருந்து இந்த வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ரசத்தில் மட்டும் உப்பு சரியாக இருப்பதில்லை.

"உண்மையச் சொல்லுங்க சம்பந்தி. புள்ளைய எங்க கூட்டிக்கினு போறீங்க?" என்றார் டேனியல்.

மாணிக்கவாசகம் பொய்யில் தேர்ந்தவரல்ல. "மொட்டை போட" என்று சொல்லிவிட்டார். "ரெண்டு மாசத்துக்கு முன்னாடி டெங்குல கெடந்தானே. அப்போ வேண்டிக்கினேன். ஊருக்குப் போறதுக்குள்ள முடியக் குடுத்துடணும்."

டேனியல் முகம் மாறியது. "நானும் மொட்டைதான் வேண்டிக்கினேன். அதுக்குத்தான் கிளம்பினேன்."

'மொட்டை' என்ற சொல்லை யார் எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் ஆறு வயதுக் குழந்தைக்குக் கேட்டுவிடும். குரு என்கிற குமரகுரு தோளிலிருந்து வழுக்கி இறங்கினான். ஸ்கூட்டர் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டை இழுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். கழுத்துக்கு மேல் எதுவுமே தெரியவில்லை.

"யாரும் என் தலையத் தொடக் கூடாது!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இனி ஒரு பெரிய சண்டைதான் என்று நீங்கள் நினைத்தால், நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது வேறு. இருவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு மாணிக்கவாசகம் தன் வாழ்க்கையில் முதல்முறையாக, "சரி, நீங்களே கூட்டிக்கினு போங்க சம்பந்தி" என்றார்.

"சேச்சே, நீங்கதான் அப்பா வழித் தாத்தா. நீங்க போங்க."

"நீங்க வண்டியெல்லாம் எடுத்து வெச்சுட்டீங்க. பரவாயில்ல, நீங்க போயிட்டு வாங்க."

"நீங்க குளிச்சுட்டீங்க சம்பந்தி. நீங்கதான் போகணும்."

வாயில் பிரஷ்ஷோடு வாசலுக்கு வந்த தீபிகா இதைக் கேட்டாள். அவளுக்குப் பத்து வயது. அந்த வீட்டின் போலீஸ், கோர்ட், மேல் கோர்ட் எல்லாம் அவள்தான். டிவி ரிமோட்டைக்கூட விட்டுக்கொடுக்காத இரண்டு பேர், வேண்டுதலை விட்டுக்கொடுக்கிறார்களா? அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நுரையைத் துப்பிவிட்டு வந்தாள்.

"ரெண்டு பேரும் உள்ள வாங்க. பையக் காட்டுங்க."

"பையில என்னம்மா இருக்கப் போவுது..."

"காட்டு தாத்தா."

கூடத்தில் வைத்து முதலில் தறி தாத்தாவின் பையைத் திறந்தாள். குருவின் துணி ஒரு செட், துண்டு, அரைத்து டப்பாவில் போட்ட சந்தனம். அடியில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி, ஒரு சின்னப் பூமாலை. பிறகு பஸ் தாத்தாவின் பையைத் திறந்தாள். குருவின் துணி இன்னொரு செட், துண்டு, சந்தனம். அடியில் தேங்காய், வெற்றிலை, கற்பூரம்.

தீபிகா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். "பைய மாத்தி எடுத்துக்கினீங்களா?"

விபூதி நெற்றி கீழே குனிந்தது. சிலுவை டாலர் போட்ட கழுத்து வேறு பக்கம் திரும்பியது.

"தறி தாத்தா, நீ எங்க போறே?"

"வேளாங்கண்ணிக்கு" என்றார் மாணிக்கவாசகம், பரீட்சையில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட பையன் குரலில்.

"பஸ் தாத்தா, நீ?"

"திருத்தணிக்கு."

ஹெல்மெட் ஒரு தாத்தாவிடமிருந்து இன்னொரு தாத்தா பக்கம் மெதுவாகத் திரும்பியது.

இப்போது புரிகிறதா, அந்த விட்டுக்கொடுத்தலின் மர்மம்? சம்பந்தி அவருடைய சொந்தச் சாமிக்குத்தானே போவார் என்று இருவருமே நினைத்தார்கள். அவர் போனால் தன் வேண்டுதலும் அங்கேயே தீர்ந்துவிடும், தான் கட்சி மாறியது யாருக்கும் தெரியாமலும் போய்விடும். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். கல் எறிந்த இரண்டு பேரும்தான் இப்போது தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்க எப்படி மாதாகிட்ட...?" என்று மெதுவாக ஆரம்பித்தார் டேனியல்.

"எங்க வீட்டுக்காரி படுத்தப்போ முருகன்கிட்டதான் கேட்டேன். குடுக்கல. அதுலேருந்து கும்புடுறேன், விபூதி பூசுறேன், ஆனா ஒண்ணும் கேக்கறதில்ல" என்றார் மாணிக்கவாசகம். "அன்னிக்கு பிளேட்லெட்டு எறங்கிக்கினே இருக்குதுன்னு டாக்டரு சொன்னாரே, அப்போ நீங்க மாத்திரை வாங்கப் போயிட்டீங்க. கட்டில் தலைமாட்டுல நீங்க ஒட்டுன மாதா படம் இருந்துச்சு. கையில புள்ளைய வெச்சுக்கினு இருந்தாங்க. அந்தம்மாவுக்குப் புரியும்னு தோணுச்சு. கேட்டுட்டேன்."

டேனியல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் திருத்தணி வண்டிய எத்தனையோ வருஷம் ஓட்டுனவன் சம்பந்தி. தெனமும் அந்த மலைக்குக் கீழ வண்டிய நிறுத்தி டீ குடிப்பேன். ஒருநாளும் அவருகிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. ஒண்ணுமே கேக்காத ஆளு ஒருவாட்டி கேட்டா இல்லேன்னா சொல்லிடுவாரு? அந்த தைரியத்துல கேட்டுட்டேன். கிருத்திகைன்னா கூட்டம் தாங்காது, அமாவாசைன்னா நீங்க காலையிலயே கோயிலுக்குப் போயிடுவீங்கன்னு இன்னிக்கு கிளம்பினேன்."

இரண்டு பேருக்குமே கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். ஆனால் தீபிகா கலங்கவில்லை.

"சரி, இப்போ ரெண்டு மொட்டை. ஒரு தலை. அடுத்த வாரம் நாங்க போயிடுவோம். எப்படிப் போடுவீங்க?"

அதுதான் கேள்வி. கலங்கிய கண்கள் உடனே காய்ந்தன. சண்டை சரியாக அங்கேதான் ஆரம்பித்தது.

"உங்க வேண்டுதலத்தான் நிறுத்தி வெக்கணும் சம்பந்தி" என்றார் மாணிக்கவாசகம். "முருகன் எங்காளு. நான் சொன்னா பொறுத்துப்பாரு. மாதாகிட்ட நான் புது ஆளு. அடுத்த வீட்டு சாமிகிட்ட மொத வாட்டி ஒண்ணு கேட்டுப்புட்டு, பாக்கி வெக்க முடியுமா? என்னைப் பத்தி என்னா நெனைப்பாங்க?"

"அதையேதான் நானும் சொல்றேன்! மாதா எங்கம்மா மாதிரி, மன்னிச்சுடுவாங்க. முருகனுக்கு நான் யாரு? பஸ்ஸ நிறுத்தி டீ குடிச்ச டிரைவரு. ஏமாத்திட்டான்னு நெனைச்சா?"

"தறியில ஒரு பாவு நூல்ல மூணு சேலை இறக்குறோம். ஒரு தலையில ரெண்டு மொட்டை இறக்க முடியாதா?"

"எப்படி? முன்பக்கம் திருத்தணிக்கு, பின்பக்கம் வேளாங்கண்ணிக்கா?"

ஹெல்மெட் ஓவென்று அழுதது. தீபிகா அதன் கண்ணாடியைத் தூக்கி, உள்ளே ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, திரும்ப மூடினாள்.

"இல்லேன்னா பெரியவங்க தலையக் குடுக்கலாம்" என்றார் டேனியல், சம்பந்தியின் தலையைப் பார்த்தபடி. அது பளபளவென்றிருந்தது. "உங்களுதை ஏற்கெனவே யாரோ வாங்கிக்கினு போயிட்டாங்க."

"அப்போ உங்களுதைக் குடுங்களேன்!"

டேனியலின் தலையில் அடர்ந்த முடி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மை பூசப்பட்டு, ஓட்டுநர் காலத்திலிருந்தே சட்டைப் பையில் இருக்கும் சீப்பால் வாரப்பட்டது. அவர் கை தானாக மேலே போனது. "புள்ளைக்கு வேண்டிக்கினது புள்ளைதான் குடுக்கணும். அதான் முறை" என்றார் அவசரமாக.

இந்தச் சத்தத்துக்கு எதிர் வீட்டுக் கமலவேணி வராமல் இருப்பாரா? கறிவேப்பிலை கேட்டு வந்தார். அவர் வீட்டிலேயே கறிவேப்பிலை மரம் இருக்கிறது. அது வேறு விஷயம். தீபிகா நடந்ததை வாய் வலிக்கச் சொல்லி முடித்தாள்.

"இதுக்குப் போயா சண்டை?" என்றார் கமலவேணி. "பூமுடி குடுத்தா போதாதா? மூணு கத்தை முடி. ஒண்ணு அங்க, ஒண்ணு இங்க."

"முழு மொட்டைன்னு வாயால சொல்லிட்டேன்மா" என்றார் மாணிக்கவாசகம்.

"நானும்" என்றார் டேனியல்.

"அப்போ ஒண்ண இப்போ போடுங்க. முடி வளந்தப்புறம் அடுத்த வருஷம் இன்னொண்ணு."

"அடுத்த வருஷம் அவன் மஸ்கட்டுல இருப்பான்."

"இருக்கட்டுமே. வேண்டுதல் பாக்கி இருந்தா கூட்டிக்கினு வந்துதான் ஆவணும். சாமி கடனாச்சே, வராம இருக்க முடியுமா?" தீபிகா கொடுத்த கறிவேப்பிலையைக் கமலவேணி முந்தானையில் முடிந்துகொண்டார். "என் பையன் அமெரிக்கா போறப்போ எல்லா வேண்டுதலையும் தீத்துட்டுத்தான் அனுப்பினேன். காதுகுத்துலேருந்து காவடி வரைக்கும் ஒண்ணு விடாம. சுத்தமா தீத்துட்டேன். இன்னும் வரல அவன்."

சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கூடத்தில் இருந்த இரண்டு கிழவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காலையிலிருந்து எவ்வளவு முட்டாளாக இருந்திருக்கிறோம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. விடிவதற்குள் திருட்டுத்தனமாக எழுந்து, அவசரம் அவசரமாக எதைத் தீர்க்க ஓடினார்கள்? பேரன் திரும்பி வருவதற்கு இருந்த ஒரே காரணத்தை.

டேனியல் தொண்டையைச் செருமினார். "யோசிச்சுப் பாத்தேன் சம்பந்தி. உங்களுதே மொதல்ல ஆவட்டும். வேளாங்கண்ணிக்கே போங்க. என்னுது அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்புறம்னா?"

"அடுத்த வருஷம். இல்லேன்னா அதுக்கும் அடுத்த வருஷம்."

மாணிக்கவாசகமா ஏமாறுவார்? "அதெல்லாம் வேணாம். திருத்தணி கிட்டத்துல இருக்குது. நீங்க இன்னிக்கே போங்க. என்னுதுதான் நிக்கட்டும்."

"வயசுல பெரியவரு, நீங்க மொதல்ல தீத்துக்குங்க."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல!"

"எனக்குந்தான் இல்ல!"

காலையில் யார் முந்துவது என்று அடித்துக்கொண்டவர்கள், இப்போது யார் பிந்துவது என்று அடித்துக்கொண்டார்கள். குரல் எதிர் வீடு வரை கேட்டது. கமலவேணி மறுபடி வரவில்லை, எப்படியோ பொறுத்துக்கொண்டார்.

தீபிகாதான் தீர்ப்புச் சொன்னாள். "யாரும் போட வேணாம். ரெண்டுமே பாக்கி இருக்கட்டும். அப்போ இவன் ரெண்டு வாட்டி வரணும்."

இரண்டு தாத்தாக்களும் அப்படியே அடங்கினார்கள். ஹெல்மெட் கழன்றது. வியர்த்து நனைந்த குருவின் தலையை இரண்டு கைகள் ஒரே நேரத்தில் தடவின.

"நெஜமா மொட்டை இல்லையா?" என்றான் குரு.

"இல்லடா ராஜா. ஒரு முடி கூட எடுக்க மாட்டோம்."

அப்போதுதான் சுகாசினியிடமிருந்து வீடியோ கால் வந்தது. போனை மூக்குக்கு நேரே பிடிப்பதா, காதில் வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யாத மாணிக்கவாசகம் அதைத் தீபிகாவிடம் கொடுத்தார்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் இருக்கீங்களா? ஒரு விஷயம்" என்றாள் சுகாசினி. நைட் டியூட்டி முடித்த முகம். "இங்க ஸ்கூல்ல தீபிகாவுக்கு சீட்டு கெடைச்சிருச்சு. அவ விசாவும் ஓரிரு நாள்ல வந்துடும். ஆனா குருவுக்கு இந்த வருஷம் இடமில்லேன்னுட்டாங்க. நானும் எவ்ளோவோ கேட்டுப் பாத்தேன்." அவள் குரல் கொஞ்சம் உடைந்தது. "அவன் இன்னும் ஒரு வருஷம் உங்ககிட்டயே இருக்கட்டும்பா. தீபிய மட்டும் கூட்டிக்கினு போறோம்."

அவள் வைத்த மறுகணம், "குரு இருக்கான்!" என்று கத்திவிட்டார் மாணிக்கவாசகம். டேனியல் பேரனைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டு கூடத்தைச் சுற்றினார். மூட்டு வலிக்காரர், அன்று வலி தெரியவில்லை. குருவும் எதற்கென்று தெரியாமல் சிரித்தான்.

அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் செய்த தப்பை நான் மூடி மறைக்கப் போவதில்லை. இருவரில் ஒருவர்கூட தீபிகா பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் போனைச் சார்ஜில் போட்டாள். மெழுகுவர்த்தியையும் தேங்காயையும் அந்தந்தப் பையில் எடுத்து வைத்தாள். பிறகு வந்து இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள்.

"இவனுக்கு ரெண்டு வேண்டுதல் பாக்கி இருக்குது. ஆனா இவன் போகல. நான்தான் போறேன். எனக்கு என்ன பாக்கி இருக்குது?"

டேனியல் நின்றார். குருவைக் கீழே இறக்கினார்.

"எனக்கும் ஒண்ணு வேண்டிக்கோங்க. இப்பவே. ரெண்டு பேரும்."

"என்னன்னு வேண்டிக்கணும் கண்ணு?" மாணிக்கவாசகம் அவள் உயரத்துக்குக் குனிந்தார்.

"அதெல்லாம் உங்களுக்கே தெரியணும்." அவள் இரட்டைச் சடையையும் முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "முடி மட்டும் வேணாம். வேற ஏதாவது."

மாணிக்கவாசகம் ஃபிரிட்ஜ் மேலிருந்த மாதா படத்துக்கு நேரே நின்று கைகூப்பினார். டேனியல் முருகன் காலண்டருக்கு முன்னால் நின்றார். இரண்டு பேரும் இறுகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவ்வளவு நேரம் யாரும் வேண்டிக்கொண்டு நான் பார்த்ததில்லை. குருவும் சும்மா கண்ணை மூடிக்கொண்டு நின்றான்.

"என்னன்னு வேண்டிக்கினீங்க?" என்றாள் தீபிகா, அவர்கள் கண்ணைத் திறந்ததும்.

"வேண்டிக்கினத வெளிய சொல்லக் கூடாதும்மா" என்றார் டேனியல்.

மாணிக்கவாசகத்துக்குத்தான் பொய்யும் வராது, மறைக்கவும் தெரியாதே. "உன் விசா நின்னு போவணும்னு கேட்டேன் கண்ணு. நீ போவக் கூடாதுன்னு."

டேனியல் அவரை நிமிர்ந்து பார்த்தார். "நானும் அதையேதான் கேட்டேன் சம்பந்தி."

தீபிகா அழுவாள் என்று பயந்தார்கள். அவள் அழவில்லை. கோர்ட்டும் போலீஸும் எல்லாம் போய், வெறும் பத்து வயதுப் பெண்ணாக நின்றாள்.

"நான் திரும்பி வரணும்னு கேப்பீங்கன்னு நெனைச்சேன் தாத்தா. போவக் கூடாதுன்னு யாரு கேக்கச் சொன்னது?" என்றாள். "எனக்கு அம்மாகிட்ட போவணும். நீங்களும் வேணும். ஆனா எனக்கு அம்மா வேணும் தாத்தா."

தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை.

வெகுநேரம் கழித்து டேனியல் கேட்டார். "சம்பந்தி, ஒருவாட்டி கேட்டத வேணாம்னு திருப்பிச் சொல்ல முடியுமா?"

"தெரியலையே. இதுவரைக்கும் கேட்டதக் குடுக்கலேன்னுதான் சாமியோட சண்ட போட்டிருக்கேன்" என்றார் மாணிக்கவாசகம். "குடுத்துடுவாங்களோன்னு பயந்ததே இல்ல."

சார்ஜில் கிடந்த போன் மறுபடி அடித்தது. இந்த முறை கதிர்வேல். மனைவி பேசி வைத்த பிறகு அவன் தனியாகக் கூப்பிடும் வழக்கமே கிடையாது. திரையில் மகன் பெயர் மின்னி மின்னி அணைந்தது. இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.